மூன்று பூஜ்ஜியம்

மரம் அறுக்கும் மில்லின் அலுவலகச் சுவரிலிருந்து பழைய டெலிபோன் பெட்டியைப் பிடுங்கும்போது, புது போன் மாட்ட வந்த பிரோடி மூக்கைச் சுளித்தான். உள்ளே தூசியும் எலிப் புழுக்கையும். இதையா இத்தனை வருஷம் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று நினைத்தான். அவன் கொண்டுவந்திருந்தது ஒரு சின்னக் கணினி. அதில் ஓடும் இணையத் தொலைபேசி மென்பொருளை யாரும் இலவசமாக எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பிரோடி பிரித்தும் பார்க்கவில்லை, திருத்தவுமில்லை. எவனோ ஓர் அமெரிக்கன் வீடியோவில் காட்டியதை வரிக்கு வரி காப்பியடித்தான். ஓர்போஸ்ட் ஊர்ப் பக்கத்துக் காட்டில் இதைக் கண்டுபிடிக்க எவன் இருக்கிறான் என்ற தெனாவட்டு.

வரவேற்பு மேசை நோலீன் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "பழசுல வெளிய பேசணும்னா முதல்ல ஒரு பூஜ்ஜியம் அமுக்கணும், கண்ணு. இதுல எப்படி?"

"அதெல்லாம் டைனோசர் காலம், நோலீன். நேரா நம்பரைப் போடுங்க. மூணு நம்பர் போட்டா உள்ள இருக்கற ரூமுக்குப் போவும். அவ்ளோதான்."

"அப்போ ஆம்புலன்ஸுக்கு மூணு பூஜ்ஜியம் போட்டா? நம்ம முதலாளி கிளாரிக்குப் போன வருஷமே நெஞ்சு வலி வந்துச்சு. இங்க மொபைலுக்கு சிக்னலும் கிடையாது."

"போவும், போவும்."

"போட்டுப் பாத்தியா?"

"சும்மா கூப்பிட்டா ஆம்புலன்ஸ்காரன் திட்டுவான். என் வேலையை எனக்கு நீங்க கத்துக்குடுக்காதீங்க."

தப்பான எண்ணைப் போடுகிறவர்களுக்கான அறிவிப்பையும் தன் குரலிலேயே பதிவு செய்தான். "இந்த நம்பரே இங்க கிடையாது. கண்ணைத் தொறந்து பாத்துப் போடுங்க!" நோலீனுக்காகவே பேசியதாக முதலாளி கிளாரியிடம் சொல்லிக் கெக்கெக்கே என்று சிரித்தான். அவரும் சிரித்துத் தொலைத்தார்.

அன்று காலை ஸ்மோக்கோ இடைவேளைக்கு எல்லோரும் தேநீருடன் உட்கார்ந்தார்கள். கிளாரி பாதி கடித்த இறைச்சி பஃப்ஸை மேசையில் வைத்துவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பிரோடி பாய்ந்துபோய் ஸ்பீக்கரைப் போட்டு மூன்று பூஜ்ஜியத்தை அமுக்கினான்.

"இந்த நம்பரே இங்க கிடையாது. கண்ணைத் தொறந்து பாத்துப் போடுங்க!"

மறுபடி அமுக்கினான். மறுபடியும் அதே இளக்காரம். அமெரிக்கனின் அவசர எண்ணான 911 அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. இந்த நாட்டு அவசர எண்ணான மூன்று பூஜ்ஜியத்தை எழுத அவனுக்குத் தோன்றவேயில்லை.

நோலீன் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு விரட்டினாள். பிரோடி கிளாரியின் தலையை மடியில் தாங்கியபடி உட்கார்ந்திருந்தான். வெளுத்துப்போன உதட்டை அசைத்து அவர் ஏதோ சொன்னார். அவன் குனிந்தான்.

"கண்ணைத் தொறந்து பாத்துப் போடு, தம்பி."

ஆம்புலன்ஸ் வந்தது. கிளாரி பிழைத்துக்கொண்டார். மறுநாள் பிரோடி திருத்தம் செய்ய வந்தபோது அவனுடைய கணினி குப்பைத் தொட்டிக்குள் கிடந்தது. மேசைமேல் பழைய பெட்டி இருந்தது.

"எலிப் புழுக்கையெல்லாம் தொடச்சு வெச்சுட்டேன்" என்றாள் நோலீன். "இருந்த எடத்துலயே மாட்டு. மாட்டிட்டு, என் கண் முன்னால ஆம்புலன்ஸுக்குப் போட்டுப் பாரு. திட்டுனா வாங்கிக்க."

பிரோடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.