செவலையின் மூச்சில் மல்லிகை

தகரத் தட்டு ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டு, சாமுண்டீஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.

வலைக்கூண்டுக்குள் தண்ணீர்த் தட்டு கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் செவலை நின்றது. முட்டைக்கு வராத விடைக்கோழி. கழுத்தை நீட்டுவதும் சுருக்குவதுமாக, அலகைத் திறந்து திறந்து மூடியது. கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று அதன் கழுத்தைப் பிடித்திருப்பது போலிருந்தது.

வாரி எடுத்துக் கழுத்தடியில் விரலை வைத்தாள். தின்றதைச் சேர்த்து வைக்கும் தீனிப்பை, நேற்று மாலை கூண்டை அடைக்கும்போது எப்படிப் புடைத்திருந்ததோ அப்படியே இருந்தது. ராத்திரி முழுக்க ஒன்றும் இறங்கவில்லை. முகத்தருகே கொண்டுபோனாள். அலகிலிருந்து புளித்த மாவின் நாற்றம் வந்தது. அதற்கடியில், மெல்லிசாக, மல்லிகை வாசம்.

போன தடவை செத்துப்போன கருப்பிக் கோழிக்கும் இதே வாசம்தான் வந்தது. அதற்கு முன்னால் சாம்பலுக்கும்.

அந்த வீட்டில் மல்லிகைச் செடி கிடையாது. யாரும் பூ வாங்குவதும் கிடையாது. கூடத்தில் மாட்டியிருந்த கமலாவின் படத்துக்குக்கூட பிளாஸ்டிக் மாலைதான்.

கமலா, ரத்னவேலின் முதல் மனைவி. பூன் லே பக்கத்தில் இந்தச் சின்னத் தரைவீட்டில்தான் வாழ்ந்தாள். இங்கேயே நோயில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். கொல்லையில் கூண்டு அடிக்கச் சொன்னதும் அவள்தான். கோழி வாங்குவதற்குள் படுத்துவிட்டாளாம். நாமக்கல்லிலிருந்து கடல் கடந்து இரண்டாம் தாரமாக வந்த சாமுண்டீஸ்வரிக்கு, டம்ளர், தலையணை உறை, அலமாரிச் சாவி என்று எதைத் தொட்டாலும் கமலாவின் கையைத் தொடுவது போல இருந்தது. ஜன்னல் திரையை மாற்றலாமா என்று ஒருநாள் கேட்டதற்கு, ரத்னவேல் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கூண்டு ஒன்றுதான் யாரும் புழங்காதது. பின்வீட்டு அர்ஃபானிடம் மூன்று விடைகளை வாங்கி அதில் விட்டாள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் அவளுக்கு அவை மட்டும்தான்.

பிறகுதான் வாசம் வர ஆரம்பித்தது. ஏதோ ஒரு சனிக்கிழமை விடிகாலை கதவைத் திறப்பாள். கறிவேப்பிலைச் செடிப் பக்கமிருந்து மல்லிகை மணக்கும். பயந்து பயந்து போய்ப் பார்த்தால் சருகுதான் குவிந்திருக்கும். திறந்துவிட்ட கோழிகள் அதை ஓடிப்போய்க் கிளறும். மறுநாள் ஒன்று கழுத்தை நீட்டும். படத்தில் கமலா வெறுங்கூந்தலோடு சிரிப்பாள். பூ வைக்காத அந்தத் தலை பூவைத் தேடித்தான் கொல்லைக்கு வருகிறதோ என்று நினைத்த நாளிலிருந்து, சாமுண்டீஸ்வரி அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி நடப்பதில்லை.

நேற்றுக் காலையும் மணத்தது. இன்று செவலை.

வேலிக்கு மேலே அர்ஃபானின் தலை தெரிந்தது.

“என்னக்கா, இதுவுமா? நாமக்கல்லுக்காரங்கன்னு நம்பிக் குடுத்தேன் லா.”

“கிண்டல் பண்ணாத தம்பி. மூச்சு திணறுது.”

“தலைகீழாப் பிடிச்சு உதறுங்க. கக்கிடும்.”

“கருப்பிக்கும் அதைத்தான் சொன்ன. உதறினேன். வாயால தண்ணியாக் கொட்டுச்சு, அப்படியே கையில உசிரை விட்டுச்சு.”

அர்ஃபான் சிரிப்பை நிறுத்தினான். “அப்போ ஜாலான் புசார்ல பறவை டாக்டர் இருக்காங்க. சண்டேயும் உண்டு. உடனே கொண்டு போங்க.”

அவள் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது ரத்னவேல் கைலியோடு வந்து நின்றார். கப்பல் பட்டறையில் ஐம்பது பேரை மேய்க்கும் மேற்பார்வையாளர். வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதற்குள் விடிந்துவிடும்.

“கோழிக்கா டாக்டர்?”

“நீங்க வரலன்னாலும் நான் போவேன்.”

அவர் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

டாக்சியில் போகும் வழியெல்லாம் அவள் பெட்டிக்குள் கையை விட்டபடியே இருந்தாள். தேக்கா கடைவீதியை நெருங்கியபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சாலையை அடைத்தது. பூக்கடை வாசம் கண்ணாடி இடுக்கில் நுழைந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ரத்னவேல் அதைக் கவனித்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பழைய கடைவீட்டின் தரைத்தளத்தில் இருந்தது மருத்துவமனை. டாக்டர் சுஷ்மிதா இளம்பெண். செவலையின் கழுத்தடியை இரண்டு விரலால் மெல்ல உருட்டிப் பார்த்தாள்.

“காலையில எழுந்ததும் இந்தப் பை காலியா இருக்கணும் ஆன்ட்டி. காலியாகலன்னா பிராப்ளம். மாவு உருண்டை மாதிரி கெட்டியா இருந்தா அடைப்பு. தண்ணி பலூன் மாதிரி தளதளன்னு இருந்து வாயும் நாறினா புளிச்சுப்போச்சுன்னு அர்த்தம். இதுக்கு அடைச்சு, அப்புறம் புளிச்சிருக்கு. தலைகீழாப் பிடிச்சீங்களா?”

“இதை இல்ல. போன தடவை.”

“பிடிக்கவே கூடாது. உள்ள இருக்கிறது மூச்சுக்குழாய்ல இறங்கிடும்.”

தன் கையாலேயே கருப்பியைக் கொன்றிருக்கிறோம் என்று சாமுண்டீஸ்வரிக்கு அப்போதுதான் புரிந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டாள். “எண்ணெய் விட்டுத் தடவினா இறங்காதா?”

“வெறும் புல்லு, தீனின்னா துளி எண்ணெய் விட்டுத் தடவிக் குடுத்தா இறங்கும். இது கையில கயிறு மாதிரி உருளுது. சின்னதாக் கீறித்தான் எடுக்கணும். பிழைக்கும்னு ப்ராமிஸ் பண்ண மாட்டேன்.”

செவலையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வெளி பெஞ்சில் இருவரும் காலிப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“இதுவும் போச்சுன்னா நான் ஊருக்குப் போயிடுறேங்க.”

“கோழிக்காகவா?”

“என்னோடதுன்னு எதையும் அக்கா அந்த வீட்டுல தங்க விடமாட்டேங்குறாங்க. மல்லிகை வாசமா வந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிறாங்க. இதுக்கு அப்புறம் நான்தான் பாக்கி.”

ரத்னவேல் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். காலையில் செவலையைப் பார்த்தது போலவே இருந்தது அவளுக்கு.

கதவு திறந்தது. சுஷ்மிதா கையில் ஒரு எவர்சில்வர் தட்டு.

“உசிரு இருக்கு. தூங்குது. இதைப் பாருங்க.”

தட்டில் பாக்கு அளவுக்கு ஒரு கறுத்த உருண்டை. டாக்டர் இடுக்கியால் அதன் நுனியைப் பிடித்து இழுத்தாள். நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. விரலிடை தவறாமல் முடிச்சு, முடிச்சுக்குள் அழுகிய காம்புகள். புளிப்பும் மல்லிகையும் கலந்த வாசம் அறையை நிறைத்தது. சாமுண்டீஸ்வரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“மல்லிகைச் சரம். பூவைக் கொத்தித் தின்னும்போது நூலும் கூடவே போயிருக்கு. இந்த வயசுக் கோழி எதையும் இழுத்து முழுங்கும். வீட்டுல யார் பூ வாங்குறது?”

“யாரும் இல்லம்மா. பூவே வராத வீடு.”

“நூல் தானா வராதே ஆன்ட்டி.”

உள்ளே செவலை மயக்கத்தில் ஒருதரம் முனகியது.

“நான்தான்” என்றார் ரத்னவேல், தரையைப் பார்த்துக்கொண்டே. “வெள்ளிக்கிழமை தேக்கா கோயிலுக்குப் போனா ஒரு முழம் வாங்குவேன். பூவைக் குப்பையில போடக்கூடாதில்ல. கால் படாத இடமாச்சேன்னு கறிவேப்பிலைச் செடிக்கடியில வச்சு, சருகைத் தள்ளி மூடிட்டு உள்ள வருவேன்.”

சுஷ்மிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இன்னிக்குத் தண்ணி மட்டும். அப்புறம் ரெண்டு மூணு நாள் குழைவாக் குடுங்க” என்று தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

ஆவி இல்லை. சாமுண்டீஸ்வரிக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆவியென்றால் பூசை போட்டு அனுப்பிவிடலாம். செத்தவளுக்கு இன்னமும் பூ வாங்கி, இருப்பவளுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கிற மனுஷனை என்ன செய்வது? காலிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்காவுக்குத்தான் வாங்குறேன்னு என்கிட்டச் சொல்லியிருந்தா, நானே படத்துக்குப் போட்டிருப்பேனே. எதுக்குங்க ஒளிச்சு வச்சீங்க?”

ரத்னவேல் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“கமலாவுக்கு மல்லிகை வாசமே ஆகாது, ஈஸ்வரி. உனக்குன்னுதான் வாங்கிட்டு வருவேன், கதவைத் திறந்ததும் அந்தப் படத்துக்கு முன்னாடி உன் கையில குடுக்கத்தான் தைரியம் வராது.”