சுதாரி: எடுத்துக்காட்டு தேவை

அகராதி அலுவலகத்தில் குழாய் வெடித்துச் சொற்சீட்டுகள் நனைந்தது விபத்து. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நாலாயிரம் சீட்டுகளையும் அகர வரிசை குலையாமல் தரையில் பரப்பிவிட்டு, சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு ஒரு மகராசி வீட்டுக்குப் போனாளே, அவளை என்ன செய்வது?

அந்த மகராசி உதவியாசிரியைதான். மறுநாள் காலை வந்து பார்த்தால் விசிறி அணைந்திருந்தது. 'ச' வரிசை மொத்தமும் அறையின் நாலு மூலையிலும் கிடந்தது. "எல்லாம் இந்த வாட்ச்மேன் வேலை. ராத்திரி விசிறியப் போட்டுக் காத்து வாங்கப் படுத்திருப்பான்," என்று பதிப்பாசிரியர் தானே முடிவுகட்டினார். இரவுக் காவலர் ஒரே ஒரு தடவை "நான் இல்ல சார்" என்றார். பிறகு சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இவள் வாயே திறக்கவில்லை.

அதன்பிறகு அவள் பேய் பிடித்தவள் மாதிரி சீட்டுகளை அடுக்கினாள். பாதிச் சீட்டில் தலைப்புச்சொல் கரைந்துபோயிருந்ததால், சொல் சேகரித்துத் தந்தவர்களின் கையெழுத்தை வைத்துப் பிரித்தாள். கோழி கிளறியதுபோல் எழுதும் தபால்காரருக்கு ஒரு கட்டு, முத்து முத்தாக எழுதும் செவிலிக்கு ஒரு கட்டு. பொருளைப் படித்துத் தலைப்புச்சொல்லை ஊகித்து அடுக்க, மூன்றாம் நாள் வரிசை ஒருவழியாகத் தேறியது.

'சுதாரி' என்ற சொல்லில்தான் சிக்கல். பொருள் பிழைத்திருந்தது: 'எதிர்பாராமல் தடுமாறியபின் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டு மறுபடி செயல்படு.' எடுத்துக்காட்டு அழிந்திருந்தது. இட்டுக்கட்டிய வாக்கியம் அந்த அலுவலகத்தில் செல்லாது. ஒருவர் வாயால் பேசியிருக்க வேண்டும். சொன்னவர், தேதி இரண்டும் வேண்டும்.

"உனக்கு யாராவது சொன்னது ஞாபகம் இருக்காம்மா?" என்றார் பதிப்பாசிரியர்.

"சார், விசிறியப் போட்டது நான்தான் சார்," என்று சீட்டிலிருந்த பொருளைப் பார்த்தபடியே அவள் உடைந்து அழுதாள்.

"அடிப்பாவி! மூணு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பயந்துட்டேன் சார். சீட்டை அடுக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன்."

"சீட்டை அடுக்கிட்ட. அந்த மனுஷன் பொழப்பை யாரு அடுக்குறது? மொதல்ல போனைப் போடு."

காவலர் எடுத்தார். அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"தெரியும்மா," என்றார் அவர். "நீங்க போனப்புறம் சத்தம் கேட்டு, விசிறிய அணைச்சதே நான்தான்."

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"காட்டிக்கொடுக்க மனசு வரல. ஒரு நாள் போனா நீங்களே சுதாரிச்சுக்கிட்டு சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். நேத்தோட அந்த நம்பிக்கையும் போச்சு."

அவளுக்குச் செருப்பால் அடித்தது போல் இருந்தது. "மன்னிச்சிருங்கண்ணே. நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. சார்தான் சொல்றாரு."

"வரேம்மா. வராம எங்க போறது?" என்று வைத்துவிட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து, அவர் சொன்னதை எழுதினாள். பதிப்பாசிரியர் எட்டிப் பார்த்தார்.

"உதாரணத்துக்கு அந்த ஒரு வரி போதும்மா. நம்பிக்கை போச்சுங்கறதெல்லாம் எதுக்கு?"

"இருக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டுத் தேதியைப் போட்டாள்.