உள்விளிம்பு

முன்டயரில் உள்ளங்கையை வைத்து வெளிப்பக்கமாக இழுத்தான், வழுக்கிக்கொண்டு வந்தது. உள்பக்கமாகத் தள்ளினான், அரம் மாதிரி கையைக் கடித்தது. அந்தப் பக்கத்து டயரும் அப்படியே. வெளிவிளிம்பில் புதுசு மாறாத ரப்பர் கட்டை கட்டையாக நிற்க, உள்விளிம்பு மட்டும் பல் போன வாய் மாதிரி மழமழவென்று கிடந்தது.

கல்குவாரியில் எல்லாரும் அந்தச் சின்ன நாலுசக்கர வண்டியைத் தவளை என்பார்கள். லாரி ஏறாத மேட்டுக்கெல்லாம் தண்ணீர்க் கேனும் கடப்பாரையுமாகத் தத்தித் தத்தி ஏறும். கல் சுமந்து இடுப்பு விட்டுப்போன பிறகு அவனுக்கு உட்கார்ந்து சம்பாதிக்கக் கிடைத்த இடம் தவளையின் சீட்டுதான். காலையில் மேனேஜர் அதற்கும் வேட்டு வைத்துவிட்டார்.

"புது டயர்யா இது. வளைவுல பறந்தா எப்படி நிக்கும்? வண்டியில கோளாறுன்னு காட்டு, ஒத்துக்கறேன். இல்லன்னா நாளையிலேருந்து பழையபடி கல்லு தூக்கு."

அப்போது பக்கத்தில் நின்ற தங்கை புருஷனைத் திரும்பிப் பார்த்தான். குவாரிப் பட்டறையில் வண்டி பழுது பார்க்கிற வேலைக்கு இவன்தான் சொல்லிச் சேர்த்துவிட்ட ஆள். நாலு நல்ல வார்த்தை சொல்வான் என்று நினைத்தான். மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டே, "மச்சான் கொஞ்சம் வேகமாத்தான் சார் போவாரு" என்றான். வெள்ளந்தி, வாயில் வந்ததை உளறிவிட்டான் என்று அதற்கும் இவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வளைவில் பறந்தால் வெளிவிளிம்பல்லவா தேயும்? காற்று பார்த்தான், இரண்டிலும் சரியாக இருந்தது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான், ஆட்டமில்லை. இறக்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை பக்கவாட்டில் நூல் இழுத்துக் கட்டினான். முன்சக்கரங்கள் இரண்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன, சண்டை போட்ட புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி.

சாக்கை விரித்துக் கீழே நுழைந்தான். சக்கரத்தைத் திருப்புகிற இடப்பக்கத்துக் கம்பி லேசாக வளைந்திருந்தது. எங்கேயோ பாறையில் நல்ல அடி. வளைந்த கம்பி குட்டையாகும், சக்கரம் கோணும், ஸ்டியரிங்கும் கோணும். ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையே? வலப்பக்கம் கையை நீட்டித் தடவினான். அந்தக் கம்பி வளையவில்லை. ஆனால் அதன் நீளம் மாறாமல் பிடித்து வைக்கிற லாக் நட்டைத் தளர்த்தி, அதையும் அதே அளவு குட்டையாக்கி முடுக்கியிருந்தது. ஸ்டியரிங் நேராகத் தெரிவதற்காக நன்றாக இருந்த சக்கரத்தையும் யாரோ கோணலாக்கியிருக்கிறார்கள்.

நட்டின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு. நகப்பூச்சு.

முடுக்கிய நட்டு தளர்ந்தால் தெரியட்டும் என்று பெண்டாட்டியின் நகப்பூச்சைத் தொட்டு வைக்கிற ஆள் அந்தக் குவாரியில் ஒருவன்தான். "என் நகத்துக்கு வச்சதவிட இவரு நட்டுக்கு வச்சதுதான் ஜாஸ்திண்ணே" என்று தங்கை சொல்லிச் சொல்லி வீடே சிரித்திருக்கிறது.

"மச்சான், டீ." செருப்புக் கால் வந்து நின்றது.

"மாப்ள, குனிஞ்சு பாருங்க. இந்தப் பொட்டு யாரு வச்சது?"

டீ கிளாஸ் தரையில் உட்காரும் சத்தம்.

"லீவு அன்னிக்கு... வண்டியில மேல ஏறிப் பாக்கணும்னு உங்க தங்கச்சி ஆசைப்பட்டா மச்சான். எறங்கறப்ப பாறையில இடிச்சிருச்சு."

"அவளும் இருந்தாளா வண்டியில?"

"அவ முட்டியில அடி பட்டது அதுதான். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும்ல. அவதான் சொன்னா, அண்ணன் தலையில விழுந்தா விழட்டும், அது தாங்கிக்கும்னு."

அன்று பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவன் ஓடிப்போய்த் தைலம் வாங்கிவந்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல ஊதி ஊதித் தேய்த்துவிட்டான். அவ்வளவு நேரமும் அவள் இவன் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி பொறுக்கவில்லை என்று நினைத்தான்.

மாப்பிள்ளையின் செருப்புக்குப் பக்கத்தில் மேனேஜரின் ஷூ வந்து நின்றது.

"என்னய்யா, கோளாறு ஏதாவது கெடைச்சுதா, இல்ல நெழலு நல்லாருக்குன்னு படுத்துட்டியா?"

செருப்புக்குள் கால் விரல்கள் மடங்கிக்கொண்டன.

அவன் கட்டைவிரல் நகம், முடுக்கியது யார் என்று காட்டிக்கொடுக்கிற அந்தப் பொட்டின் விளிம்பில் ஊன்றியிருந்தது. ஒரு ஓரம் மெல்ல எழும்பி, உரிந்தும் உரியாமலும், நகத்தோடு பாதியும் நட்டோடு பாதியுமாக ஒட்டிக்கொண்டு நின்றது.