வாசனை வருதாக்கா?

1

சீனத்து அரிய பச்சைத் தேயிலைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியிலேயே ஒரு பெண் குறுக்கே வந்துவிட்டாள். தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவள். ஒரு காய்ச்சலோடு அவளுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது, வேலையும் நின்றுவிட்டது. கட்டுரை அத்தோடு படுத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘மலைச்சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது, இளந்தளிர்கள் மெல்ல—’

(வேண்டாம். அந்த மலையை அவள் பார்த்ததில்லை. நானும்தான்.)

இரண்டாவது: அவள் தம்பி சரக்குக் கப்பலில் மெக்கானிக். சீனத் துறைமுகம் வந்தால் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். இவன் பஸ் பிடித்து மலையேறுவான். அக்காவின் மூக்கை எழுப்பும் இலை ஏதோ ஒரு சரிவில் இருக்கிறது என்று அவனுக்குப் பிடிவாதம். நத்தை மாதிரிச் சுருண்ட பிலோசுன் தேயிலை கொண்டுவந்தான். மொட்டும் காம்பும் கிள்ளிவிட்டு இலையை மட்டும் வாட்டிய குவாபியன் கொண்டுவந்தான். ஒவ்வொரு முறையும் அவள் தம்ளருக்குள் முகத்தைக் கவிழ்ப்பாள். ஆவி சுடும். அவ்வளவுதான்.

கல்யாணப் பேச்சை எடுத்தால், “அக்காவுக்குச் சரியாகட்டும்” என்பான். அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது.

3

இந்த முறை தைப்பிங் ஹௌகுய். விரல் நீளத் தட்டை இலைகள், கண்ணாடித் தம்ளரில் நட்டுவைத்த மாதிரி நின்றன.

“பஸ்ஸே போகாத இடம்க்கா. படகுல போய் வாங்கினேன். வாசனை வருதாக்கா?”

அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“வருதுடா. ஏதோ பூ மாதிரி… லேசா.”

(அந்த வரியை அடித்துப் பார்த்தேன். அடுத்த வரியில் மறுபடியும் அதையே சொன்னாள். அந்த இலைக்குப் பூ மணம் உண்டு என்பது அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம்.)

குழந்தை மாதிரி அழுதான். அழுத கையோடு அவள் மேலாளருக்குப் போன் போட்டான். “சார், அக்காவுக்குச் சரியாயிடுச்சு சார்!” திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார் அவர். அவள் ஆறிப்போன தம்ளரை எடுத்து மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

4

ஞாயிறு காலை. சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் இருந்தது. குளித்துவிட்டு வந்த தம்பி தீய்ந்த நாற்றம் பட்டதும் ஈரத் தலையோடு ஓடினான், அடுப்பை அணைத்தான், ஜன்னல்களைத் திறந்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது கூடம் முழுக்கப் புகை.

அவன் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

(எழுதிப் பார்த்த முடிவுகள். ஒன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறாள், அவன் அடுத்த கப்பல் ஏறுகிறான், அதற்கடுத்ததும். இன்னொன்று: சொல்லாமல் திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகிறாள், வரிசையாய்க் கோப்பைகள், மேலாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டு… மூக்கு திரும்பி வருவதாகவும் ஒன்று எழுதினேன். கிழித்துவிட்டேன். பொய் சொல்ல அவளே போதும்.)

5

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவன் தண்ணீர் காய்ச்சினான், கொஞ்சம் ஆறவிட்டான், மிச்சமிருந்த இலையைப் போட்டு அவள் முன்னால் வைத்தான். முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

“இன்னிக்கு எப்படிக்கா இருக்கு?”

அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும். அப்படியும் கேட்கிறான் என்றால்—

அவள் தம்ளரைக் கையில் எடுத்துவிட்டாள். உங்களுக்கும் கூடப்பிறந்தவர் ஒருவர் இருப்பார். அவள் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறான்.