புது சென்சார்

காரின் புகைக்குழாயில் இருந்த ஆக்சிஜன் சென்சார் கெட்டுப்போய், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணையவே மாட்டேன் என்றது. மெக்கானிக் எவரையும் நம்பாத டைலர், புது சென்சார் ஒன்றை வாங்கி வந்து, தானே வண்டிக்கு அடியில் நுழைந்தார். துருப்பிடித்த பழைய சென்சார் வருவேனா என்று அடம்பிடித்தது. கழற்றி எடுப்பதற்குள் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. துண்டுத் துணியைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர் அல்லவா, அந்தப் பழசையும் கம்பி பிரஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்தார். சாப்பிட்டு வந்து, மாட்டி முடித்து, வண்டியைக் கிளப்பினார்.

விளக்கு பழையபடி எரிந்தது.

உதிரிபாகக் கடைக்காரருக்குப் போன் போட்டார். “குப்பையை என் தலையில கட்டிட்டியேய்யா!”

“கோவப்படாதீங்கண்ணே. கழட்டிப் பெட்டியில போட்டுக் கொண்டாங்க, வேற தரேன்.”

“இப்பவே கழட்டுறேன், லைன்லயே இரு!”

“மறுபடியுமா?” என்று எட்டிப் பார்த்தாள் மனைவி. அவளை முறைத்துவிட்டு அடியில் நுழைந்தார். சூடான குழாய் முழங்கையைப் பொசுக்கியது. ஊரில் உள்ள கடைக்காரர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கழற்றி எடுத்து வந்து, பெட்டியைத் திறந்தார்.

உள்ளே, முனையில் பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படாமல், புது சென்சார் படுத்திருந்தது. தூசி படக்கூடாது என்று காலையில் அதைப் பத்திரமாக உள்ளே வைத்து மூடியவர் அவரேதான்.

“என்னண்ணே, கழட்டியாச்சா?” என்றது போன்.