ராவுத்தரே என்றால் வரும் குதிரை

ஜீப் ஓட்டும் கலீபுல்லாவை யாராவது ராவுத்தரே என்று கூப்பிட்டால் ஒரு குதிரை வந்து நின்றது. ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த வருஷம் அது தொடங்கியது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. கூப்பிட்டவர் பேசி முடிக்கிற வரைக்கும் நிற்கும், லத்தி போடும், பிறகு போய்விடும். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜீப் நிறுத்துகிறவர்கள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் குதிரைக்கும் இடம் விட்டு வண்டியை நிறுத்தப் பழகிக்கொண்டார்கள்.

கலீபுல்லாவால்தான் பழக முடியவில்லை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு அடிவாரத்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறுவது அவர் தொழில். அந்த வளைவுகளில் அவரை முந்த ஆள் கிடையாது என்று பேர். இப்போது ஏறுகிற ஒவ்வொருத்தியும் "ராவுத்தரே, கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க" என்று ஆரம்பித்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வர, குதிரை வந்து ஜீப்புக்கு முன்னால் ஓடியது. ஆரன் அடித்தாலும் ஒதுங்காது. மெட்டு வரைக்கும் அதன் வாலைப் பார்த்துக்கொண்டே உருட்ட வேண்டியிருந்தது. நேரம் கழித்து வந்த பெண்களைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பினார். அவர்களில் பாதிப்பேர் வேறு ஜீப்புக்கு மாறினார்கள்.

கலீபுல்லா சிலமலையில் இருந்த ஒரு தமிழாசிரியரிடம் போய்க் கேட்டார். ராவுத்தர் என்றால் பழைய காலத்தில் குதிரையேறிப் போர் செய்தவர், குதிரை தன் சொல்லைக் கேட்டுத்தான் வருகிறது, அதைக் குற்றம் சொல்ல முடியாது என்றார் அவர். வேண்டுமானால் அதே பொருளில் வேறு சொல் சொல்லிக் கூப்பிடட்டும் என்று சிலவற்றை எடுத்தும் கொடுத்தார். குதிரைச் சேவகரே என்று கூப்பிட்டபோது சேணம் மட்டும் வந்து விழுந்தது. பரிவீரரே என்றதற்கு எங்கோ ஒரு கனைப்பு கேட்டது. புரவியாளரே என்று ஒரு கண்டக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லி முடித்தபோது ஒன்றுமே வரவில்லை. வாயில் புழங்காத சொல்லுக்கு முழுக் குதிரை வராது என்று ஊருக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? நாக்கு பழைய சொல்லுக்கே போனது.

"என்னயத் தம்பின்னே கூப்பிடுங்க ஆத்தா" என்று, ஜீப்பில் வருகிறவர்களில் மூத்தவளான மொக்கம்மாளிடம் கெஞ்சினார்.

"எங்கப்பன் காலத்துலருந்து உங்க வீட்டு ஆம்பளைகள ராவுத்தர்னுதான் கூப்பிடுறோம். நாலு பேரு முன்னாடி தம்பின்னா மரியாதையாவா இருக்கும், ராவுத்தரே?" என்றாள் அவள். குதிரை வந்து தலையை ஆட்டியது.

சரி, ஏறித்தான் பார்ப்போம் என்று ஏலக்காய் ஏல மையத்துக்கு முன்னால் ஒருநாள் ஏறினார். அது அவரை உதறித் தள்ளியது. ராவுத்தருக்குக் குதிரையேறத் தெரியவில்லையாம் என்ற பேச்சு கம்பம் வரைக்கும் போனது. மனைவி கமர்நிசா வாசலில் தண்ணீர்த் தொட்டி வைத்தாள். "ஏங்க, அது என்ன உங்கள வம்புக்கா இழுக்குது? பேரக் கேட்டு வருது" என்றாள். அவர் அன்று சாப்பிடவில்லை.

ஐப்பசி மழையில் மலைச்சாலை பல இடங்களில் சரிந்து மூடிக்கொண்ட அன்று, தோட்டத்தில் காயெடுத்துக்கொண்டிருந்த மொக்கம்மாளைப் பாம்பு கடித்தது. ஆம்புலன்ஸ் முந்தலுக்கு மேல் ஏற முடியவில்லை. கலீபுல்லாவின் ஜீப் மெட்டில் மாட்டிக்கொள்ள, அவர் தோட்டத்துக்கு நடந்து வந்தார். அம்மாவின் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு, கூட வேலை செய்யும் மகள் முத்துப்பிரியா "ஏதாச்சும் செய்யுங்க ராவுத்தரே!" என்று கத்தினாள். குதிரை வந்தது. கலீபுல்லா ஏறினார், சேற்றில் விழுந்தார். மறுபடியும் ஏறினார், மறுபடியும் விழுந்தார். "ரோடு மட்டும் இருந்தா இந்நேரம் போடியில இறக்கியிருப்பேனே" என்று அழாத குறையாகச் சொன்னார். முத்துப்பிரியா சைக்கிள்கூட ஓட்டியதில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் ஏறியபோது குதிரை சும்மா நின்றது. மற்ற பெண்கள் மொக்கம்மாளைத் தூக்கி அவளுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பழைய கழுதைப் பாதையில் குதிரை இறங்கியது. பின்னாலேயே கலீபுல்லா, அதைத் திட்டிக்கொண்டே, முந்தல் வரைக்கும் வழுக்கி வழுக்கி ஓடினார். மொக்கம்மாள் பிழைத்துக்கொண்டாள்.

அடுத்து வேலைக்கு வந்தபோது பெண்கள் விளையாட்டாக "வாங்க ராவுத்தரே" என்று முத்துப்பிரியாவைக் கூப்பிட்டார்கள். குதிரை அவள் பக்கத்தில் வந்து நின்றது. அதற்குப் பிறகு கலீபுல்லாவுக்கு வரவேயில்லை. பள்ளிவாசலிலும் டீக்கடையிலும் ஊர் அவரை ராவுத்தர் என்றே கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் சட்டென்று திரும்பினார், கூப்பிட்ட ஆள் மட்டும் நின்றிருந்தார். வளைவுகள் காலியாகக் கிடந்தன. நினைத்த வேகத்தில் ஏற முடிந்தது. ஆனாலும் எரிச்சல் குறையவில்லை. யார் மேல் இவ்வளவு கோபம் என்று கமர்நிசா கேட்டதற்கு, ரேடியேட்டர் சரியில்லை என்றார்.

மறுவருஷ மழையில் ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்தது. ஜீப்புக்குள் வேலுத்தாய் என்ற பெண் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். கலீபுல்லா இறங்கிப் பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றார். வரிசையாக நின்ற வண்டிக்காரர்கள் அவரையே பார்த்தார்கள். தொண்டையைச் செருமினார், துப்பினார், மறுபடியும் செருமினார். பிறகு கைகளை வாயருகே குவித்து, பெண்கள் காயெடுக்கும் கீழ்த்தோட்டத்தைப் பார்த்து, "ராவுத்தரே!" என்று கூப்பிட்டார்.

மழைக்குள்ளே குளம்புச் சத்தம் கேட்டது. தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு முத்துப்பிரியா குதிரைமேல் ஏறி வந்தாள்.

"யாரு ஏறணும்?"

"உள்ள கெடக்கா. வெரசா கொண்டு போ, தாயி" என்று சொல்லிவிட்டு, குதிரை திரும்ப இடம் வேண்டுமே என்று கலீபுல்லா ஜீப்பைப் பின்னால் எடுத்தார்.