துப்பாக்கிகளின் பின்னால் போனவை

பாலைவன ஊரான அலமைனுக்குத் தெற்கே, மஸ்தூராவின் நிலத்தில் புதைந்து கிடந்த கண்ணிவெடிகள் ஒரு செவ்வாய்க்கிழமை மணலை உதறிக்கொண்டு எழுந்து, கடலை நோக்கிப் போய்விட்டன. அந்த வாரம் சந்தையில் அத்திப்பழம் நல்ல விலைக்குப் போனது.

உலகப் போர் முடிந்து நாற்பது வருஷமாகியும் அந்த மண்ணில் ஏர் வைக்க முடிந்ததில்லை. எங்கிருந்தோ வந்து சண்டை போட்டவர்களில் வென்றவர்களும் ஊர் திரும்பினார்கள், தோற்றவர்களும் திரும்பினார்கள். வெடிகளை மட்டும் இங்கேயே விட்டுவிட்டார்கள். மஸ்தூராவின் கணவன் அத்தியா, ஆடு மேய்க்கும்போது மணலில் கிடைத்த பழைய துப்பாக்கிகளையும் இரும்புத் தொப்பிகளையும் பொறுக்கி வந்து கொட்டகையில் அடுக்கி வைப்பான். வழிதவறிய ஒரு கிடாயைத் தேடிப் போனவன் கால் வைத்த இடம் வெடித்தது. அடக்கம் செய்ய ஒரு போர்வையே அதிகமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, கொழுந்தன் ஹமத், போர்க்காலப் பொருள்களைச் சேகரிக்கும் க்ரேக் என்ற வெளிநாட்டுக்காரரை லாரியோடு அழைத்து வந்தான். க்ரேக் ஒவ்வொரு துப்பாக்கியையும் பிள்ளையின் முகம் துடைப்பதுபோலத் துடைத்தார். ஒன்றின் கட்டையில் செதுக்கியிருந்த பெயரைப் படித்துக் கண் கலங்கினார். அத்தியா எப்படிச் செத்தான் என்று கேட்கவில்லை.

"இதெல்லாம் அவங்க தாத்தமாரு சொத்தாம், அண்ணி. பத்திரமா வெச்சுப் பாத்துக்குவாராம்."

மஸ்தூராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "துப்பாக்கி தாத்தா சொத்துன்னா, என் வீட்டுக்காரரைத் தின்ன வெடி யாரு சொத்தாம்? அதையும் சேத்து அள்ளிட்டுப் போகச் சொல்லு!"

ஹமத் மொழிபெயர்த்தான். அது அரசாங்கங்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று க்ரேக் சிரித்தார். ஹமதும் கூடச் சிரித்து வைத்தான்.

"செத்தது உன் அண்ணன்டா, வெக்கங்கெட்டவனே!"

லாரி கிளம்பியதும் அவள் நிலத்தைப் பார்த்துக் கத்தினாள். "உங்க சொந்தக்காரன் போறான்! எந்திரிச்சுப் பின்னாலயே போங்க!"

எழுந்தன. துருப்பிடித்த அந்தத் தட்டுகள் மந்தை ஆடுகளைப்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு லாரியைத் தொடர்ந்தன. ஒன்றும் வெடிக்கவில்லை. துறைமுகத்தில் தடுத்த அதிகாரிகளைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்கின. துப்பாக்கிகளை ஏற்றிய கப்பலுக்குப் பின்னாலேயே போய், க்ரேக்கின் வீட்டுப் புல்வெளியிலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் புகுந்து மண்ணை இழுத்து மூடிக்கொண்டன.

நாற்பது வருஷம் எட்டிப் பார்க்காத க்ரேக்கின் நாட்டு அதிகாரிகள் ஒரே மாதத்தில் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நின்றார்கள். எது எங்கே புதைந்திருக்கிறதென்று ஒரு வரைபடமாவது வேண்டும், அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று கெஞ்சினார்கள்.

"எங்க பிள்ளைங்க மட்டும் எங்க விளையாடுச்சுங்களாம்? எங்களுக்கு எவன் வரைபடம் குடுத்தான்? ஆட்டை ஓட்டிவிட்டுப் பாருங்க. நாங்க அப்படித்தான் கண்டுபிடிச்சோம்."

வந்தவர்கள் என்பதால் தேநீர் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் மழை பெய்தது. மஸ்தூரா நிலத்தில் இறங்கி, கீழே பார்க்காமல் நடந்து, பார்லி விதைத்தாள்.